பழைய பார்க்கர் துப்பாக்கியில் தோள்வார் வளையம் அசலா?

வணக்கம். தாங்கள் வாங்க எண்ணும் பழைய அமெரிக்கத் தயாரிப்பான பார்க்கர் இரட்டைக்குழல் துப்பாக்கியிலுள்ள தோள்வார் வளையங்கள் (தோளில் மாட்டும் வாரைக் கோக்கும் வளையங்கள்) தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டவையா எனக் கேட்டிருந்தீர்கள். ஜெர்மனியின் சூல் நகரத் துப்பாக்கிகளில் இவை அடிக்கடி காணப்படும்; அமெரிக்க இரட்டைக்குழல்களில் அரிது என்பதால் ஐயத்துடன் அணுகுவதே நல்லது. குழல்களுக்கு அடியில் ஓடும் பட்டையோடு முன்வளையத்தின் அடித்தளம் ஒரே நிறத்திலும் தேய்மானத்திலும் இணைந்திருக்க வேண்டும். சுற்றிலும் ஈயப்பற்று (உலோகப் பாகங்களை ஒட்டவைக்கும் ஈயக் கலவை) வழிந்திருந்தாலோ, பின்வளையம் மரக்கட்டையில் இடைவெளி விட்டுப் பதிந்திருந்தாலோ, பிற்காலக் கைவேலையாக இருக்கலாம். ஆனால் தேர்ந்த கைவினைஞரின் வேலை கண்ணை ஏமாற்றிவிடும். பார்க்கர் துப்பாக்கிகள் தயாரான மெரிடன் தொழிற்சாலையின் பழைய ஆர்டர் பதிவேடுகளில் பல எஞ்சியுள்ளன. பார்க்கர் துப்பாக்கிச் சேகரிப்பாளர் சங்கத்துக்கு வரிசை எண்ணை அனுப்பினால், பதிவு கிடைக்கும்பட்சத்தில், வாங்கியவர் கேட்ட சிறப்பு அம்சங்களைக் கடிதமாகவே தருவார்கள். விற்பவர் குழல்களின் எஃகுக்குப் புதிதாகக் கருநீல நிறப் படலம் ஏற்றித் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதற்குப் பயன்படும் சூடான காரக்கரைசல், பட்டையைப் பிடித்திருக்கும் ஈயப்பற்றை அரித்துப் பட்டையையே கழற்றிவிடக்கூடும்.