வேலைப்பளுவைக் குறைக்கப் பணிப் பதிவுகள்: கையெழுத்து வாங்கினால் போதுமா?

கேள்வி: எங்கள் ஊழியர்கள் 140 பேரும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருக்கிறார்கள். லாகின் நேரம், மீட்டிங் நேரம், இரவில் அனுப்பும் மின்னஞ்சல் ஆகியவற்றைப் பார்த்து, வேலைப்பளுவில் தவிப்பவர்களைக் கண்டறிந்து உதவ நினைக்கிறோம். எல்லோரிடமும் ஒப்புதல் வாங்கிவிட்டால் போதுமா?
– மனிதவள மேலாளர்

பதில்: போதாது. சம்பளம் கொடுப்பவர் நீட்டும் தாளில் போடும் கையெழுத்தை, சுதந்திரமான ஒப்புதலாக ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் கீழ் ஏற்பது அரிது. ஒப்புதல் இல்லாமலே, நிறுவனத்தின் நியாயமான தேவைக்காகத் தரவைக் கையாள இடம் தரும் 6(1)(எஃப்) பிரிவின் 'நியாயமான நலன்' என்ற அடிப்படைதான் உங்களுக்குப் பொருந்தும். இந்தத் தரவு ஏன் தேவை, இதைவிடக் குறைவாக எடுத்தால் ஆகாதா என்று எழுதி வையுங்கள். 21ஆம் பிரிவின்படி ஊழியர் ஆட்சேபிக்கலாம். அதையும் முன்கூட்டியே அவர்களிடம் சொல்லுங்கள்.

பெயர்வாரியாகப் பார்க்க நினைப்பதில்தான் வம்பு. மீட்டிங்கைக் குறைப்பதும் ஆள் கூட்டுவதும் குழு அளவில் எடுக்கும் முடிவுகள்; அதற்குப் பெயர் எதற்கு? 'இன்னாருக்கு மன உளைச்சல்' என்று மென்பொருள் மதிப்பெண் போட்டால், அது 9ஆம் பிரிவு சிறப்புப் பாதுகாப்பு தரும் உடல்நலத் தரவாகிவிடும் என்பது வேறு.

10 பேருக்குக் குறைந்த குழுவின் கணக்கைத் திரையில் காட்டாதீர்கள். அதிலும் ஓட்டை உண்டு. 12 பேரின் சராசரியையும், அதே குழுவின் நிரந்தர ஊழியர் 11 பேரின் சராசரியையும் காட்டினால், மிச்சமுள்ள ஒப்பந்த ஊழியர் எத்தனை இரவு விழித்தார் என்பது கழித்தல் கணக்கிலேயே வந்துவிடும். மேலாளர் இஷ்டத்துக்குப் பிரித்துப் பார்க்கும் வசதியை மூடிவிடுங்கள்.

விசைப்பலகை அசைவைப் பதிவதும் கணினித் திரையைப் படம்பிடிப்பதும் வேண்டவே வேண்டாம். 2024 டிசம்பரில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் போட்டது. 3 முதல் 15 நிமிடம் மவுஸோ விசைப்பலகையோ அசையாவிட்டால் அந்த நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருள் அதைச் சும்மா இருந்த நேரமாகக் குறித்தது. அப்போது ஊழியர் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கலாம், மீட்டிங்கில் இருந்திருக்கலாம். ஊழியருக்கு என்ன பாதிப்பு வரும் என்று முன்கூட்டியே எடைபோடும் 35ஆம் பிரிவின் தாக்க மதிப்பீடு செய்யாததும் குற்றங்களில் ஒன்று. நீங்கள் அதை மென்பொருளை இயக்கும் முன்பே முடித்தாக வேண்டும். ஜெர்மனிக் கிளையில் ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் ஊழியர் மன்றம் இருந்தால், அதன் சம்மதமில்லாமல் தொடங்கவே முடியாது.

ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு மேலாளர், "போனஸுக்கும் இதையே பார்த்துக்கொள்வோமே" என்பார். மதிப்பீடு, சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை எதற்கும் இந்தத் தரவைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொள்கையில் இப்போதே எழுதுங்கள். மூலப் பதிவை 30 நாளில் அழித்து, வாரச் சராசரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் விற்பவருடன் 28ஆம் பிரிவின்படி போடும் ஒப்பந்தத்தில், உங்கள் தரவைத் தன் சொந்தத் தேவைக்கு எடுக்கக் கூடாது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.