மேஜையில் ஆறு முறை மின்னினால் போதும்

கேள்வி: 1980 வாக்கில் வந்த பாலி கம்பெனியின் பின்பால் மெஷின் ஒன்று என்னிடம் இருக்கிறது. சிபியூ போர்டைக் கழற்றி, பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மூலம் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் கொடுத்தேன். எல்இடி ஆறு முறைதான் மின்னுகிறது. ஏழு வர வேண்டுமாமே, போர்டு போய்விட்டதா? மெஷினில் ஒரு காயில் (பந்தைத் தள்ளும் மின்காந்தச் சுருள்) அடிப்பதில்லை, சில ஸ்விட்சுகள் பதிவாவதில்லை. மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் வேறு என்ன செய்துகொள்ளலாம்?

பதில்: போர்டு போய்விடவில்லை. பவர் வந்ததும் போர்டு தன்னைத்தானே சோதிக்கும்; ஒவ்வொரு படி தேறும்போதும் எல்இடி ஒருமுறை மின்னும். ஏழாவது மின்னல், காயில்களுக்கான 43 வோல்ட் வந்து சேர்ந்ததா என்று பார்க்கிறது. மேஜையில் அந்த வோல்ட்டேஜை நீங்கள் கொடுக்கவில்லை, அதனால் ஆறோடு நிற்கிறது. ரோம், ராம், சிக்னல்களை உள்ளே வெளியே கடத்தும் இரண்டு பிஐஏ சிப்புகள் எல்லாம் தேறிவிட்டன. மெஷினில் மாட்டிய பிறகும் ஆறுதான் என்றால் 43 வோல்ட் வரும் வழியைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட், 12 வோல்ட் வயர்கள் இரண்டிலும் ஆளுக்கொரு 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். போர்டில் ஷார்ட் இருந்தால் அந்த சப்ளை சட்டென்று அணையாது. பத்து இருபது ஆம்பியரைத் தாராளமாகத் தள்ளி, போர்டின் தாமிரக் கோடுகளையே எரித்துவிடும்.

இனி காயில். இந்த மெஷின்களில் காயிலின் ஒரு முனையில் எப்போதும் 43 வோல்ட் நிற்கும். மறுமுனையை டிரான்சிஸ்டர் கிரவுண்டோடு சேர்க்கும்போதுதான் காயில் அடிக்கும். ஆகவே ஒரு எல்இடி, அதோடு சீரிஸில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரு முனையிலும் முதலை கிளிப். இவ்வளவுதான் சோதனைக் கருவி. ரெசிஸ்டர் அரை வாட்டாக இருக்கட்டும். எல்இடிக்கு 2 வோல்ட் போக மீதி 41 வோல்ட். கிட்டத்தட்ட 9 மில்லி ஆம்பியர் ஓடும், 0.36 வாட் சூடாகும். கையில் கிடைத்த 1 கிலோ ஓமை ஒருமுறை நான் போட்டேன். 41 மில்லி ஆம்பியர், ஒன்றரை வாட்டுக்கு மேல். வாசனையே சொல்லிவிட்டது.

காயிலில் இருக்கும் டையோடின் கோடு போட்ட பக்கம்தான் 43 வோல்ட். முதலில் அங்கே மீட்டர் வைத்துப் பாருங்கள். இருந்தால் எல்இடியின் பிளஸ் பக்கத்தை அங்கேயும், மற்றதைக் காயிலின் மறுமுனையிலும் கவ்வவிட்டு, கதவுக்குள் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திக் காயில் டெஸ்டை ஓட்டுங்கள். எல்இடி மின்னியும் காயில் அடிக்கவில்லையா? போர்டைத் தொடாதீர்கள், காயிலின் கம்பிச் சுற்று அறுந்திருக்கும், அல்லது உள்ளே ஓடும் இரும்புத் தண்டான பிளஞ்சர் சிக்கியிருக்கும். எல்இடியும் மின்னவில்லை என்றால் காயில்களை இயக்கும் டிரான்சிஸ்டர்கள் உள்ள டிரைவர் போர்டும் நடுவில் ஓடும் வயரும்தான் சந்தேகத்துக்குரியவை. ஓயாமல் எரிகிறதா? டிரான்சிஸ்டர் ஷார்ட். உடனே அணையுங்கள், காயில் கருகும். டிரான்சிஸ்டரை மாற்றும்போது காயில் டையோடையும் மாற்றுங்கள், அது அறுந்திருந்தால் புதியதும் போய்விடும்.

ஸ்விட்சுகளுக்கு ஒரு வயர், நடுவில் 1என்4004 டையோடு, இரு முனையிலும் கிளிப். பவரை அணைத்துவிட்டு, சிபியூ போர்டில் ஆட்டப் பலகையின் ஸ்விட்ச் கனெக்டரை மட்டும் கழற்றுங்கள். பவரை மட்டும் மீண்டும் போட்டு, அதே டெஸ்ட் பட்டனை அழுத்தி ஸ்விட்ச் டெஸ்டுக்குப் போங்கள். சர்க்யூட் படத்தில் ஐந்து ஸ்ட்ரோப் (போர்டு சிக்னல் அனுப்புவது), எட்டு ரிட்டர்ன் (அது திரும்பி வருவது) பின்கள் இருக்கும்; மொத்தம் 40 ஸ்விட்ச். ஒரு ஸ்ட்ரோப்பையும் ஒரு ரிட்டர்னையும் வயரால் இணைத்தால் அந்த ஸ்விட்சின் எண் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் டையோடைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எல்லா எண்ணும் வந்தால் குறை கீழே பலகையில். ஒரே வரிசை முழுக்க வராவிட்டால் போர்டுதான்; பெரும்பாலும் பேட்டரி கசிந்து அரித்த இடம்.

அப்புறம், காயில் ஃபியூஸ் போட்டுப் போட்டு எரிகிறது என்றால், அதன் இடத்தில் லாரிக்குப் போடும் 24 வோல்ட் 21 வாட் பல்பு இரண்டைச் சீரிஸில் கவ்வவிடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பிரகாசமாக எரியும், ஓட்டமும் ஒரு ஆம்பியருக்குள் நிற்கும். கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றும்போது எது பல்பை மங்க வைக்கிறதோ அதில்தான் குறை.

டிஸ்ப்ளே பக்கம் மட்டும் இந்தக் கிளிப்புகளோடு போக வேண்டாம். அங்கே 190 வோல்ட் இருக்கிறது, அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கும்.