இலவச சீட்டும் பாட்டியின் டிரங்குப் பெட்டியும்

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். அப்பா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். தம்பி பத்தாம் வகுப்பு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் எனக்குக் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் கிடைத்துவிடும், ஒரு பைசா கட்ட வேண்டாம் என்கிறார்கள். எனக்கோ வரலாறு படிக்க ஆசை. கணக்கு நன்றாக வரும், ஆனால் அதில் மனம் ஒட்டுவதில்லை. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் பொன்னேரிப் பக்கத்து நிலத்தின் பழைய வரி ரசீதுகள் இருக்கின்றன. அவற்றை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். "வரலாறு படித்தால் யார் வேலை தருவார்கள்?" என்று அப்பா கேட்கிறார். இன்ஜினீயரிங் படித்துக்கொண்டே வரலாற்றை வீட்டில் படித்துக்கொள்ளலாம் என்கிறார் என் ஆசிரியை. நான் என்ன செய்யட்டும்?

வாசகி, தண்டையார்பேட்டை

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் ஆசிரியை சொன்ன வழியில் போனவன் நான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டுக்காக பி.காம். படித்தேன். பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் கணக்கெழுதினேன். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரலாறு படித்தேன். புத்தகங்கள் கிடைத்தன, கன்னிமாரா நூலகம் இருந்தது, ஆர்வமும் குறையவில்லை. ஆனாலும் ஒன்று கிடைக்கவே இல்லை.

மணலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கிஸ்தி, அதாவது நிலவரி, ரசீது ஒருமுறை என் கைக்கு வந்தது. அரித்த ஓரம், மங்கிய மை. பசலி 1305, மார்ச் மாதம். பசலி என்பது நிலவரிக் கணக்குக்கான ஆண்டு. பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும் என்று எங்கோ படித்திருந்தேன். கூட்டி, 1895 என்று எழுதி, அதை வைத்து ஒரு கட்டுரையே கட்டி வெளியிட்டேன். ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் அஞ்சலட்டை போட்டார். பசலி ஆண்டு ஜூலை 1-இல் பிறக்கிறது, ஜனவரி முதல் ஜூன் வரையிலான தேதிகளுக்கு 591-ஐக் கூட்ட வேண்டும், உங்கள் ரசீது 1896-ஐச் சேர்ந்தது என்று நான்கே வரி. கட்டுரையின் வாதம் முழுவதும் அந்த ஓராண்டில்தான் நின்றிருந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. பழைய ஆவணங்களோடு பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். எனக்குக் கிடைக்காமல் போனது அந்த ஆள்தான். பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளலாம். நாம் எழுதியதை உடனுக்குடன் திருத்த ஓர் ஆசிரியரும், மறுத்துப் பேச நாலு சக மாணவர்களும் வீட்டில் கிடைக்க மாட்டார்கள். கல்லூரிக்குப் போவதே அதற்காகத்தான் என்பது என் எண்ணம்.

அப்பாவின் கேள்விக்கு வருவோம். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசை நகர்வதற்காக இரவெல்லாம் வண்டியிலேயே காத்துக் கிடக்கும் மனிதர், மகளுக்கு உறுதியான வேலை வேண்டும் என்று நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் எந்த வேலை உறுதியானது என்பதை நம் வடசென்னை ஒருமுறை பார்த்துவிட்டது. பெரம்பூர் பின்னி துணி ஆலையில் வேலை என்றால் அந்தக் காலத்தில் தலைமுறைக்கே கவலையில்லை என்று எண்ணினார்கள். 1918-இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்ததே அந்தத் தொழிலாளர்களிடையேதான். 1996-இல் ஆலை மூடப்பட்டது. கம்ப்யூட்டர் படிப்புக்கும் அதே கதி என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வேலைகள் இன்று உண்மையிலேயே இருக்கின்றன, நல்ல சம்பளமும் தருகின்றன. ஆனால் அங்கே பட்டத்தைவிடக் கைத்திறனைத்தான் பார்த்து எடுக்கிறார்கள். மனம் ஒட்டாமல் நான்கு ஆண்டுகளைக் கடத்துபவருக்கு அந்தத் திறன் வருவது கடினம். கட்டணம் இல்லாத சீட்டுக்கும் அந்த நான்கு ஆண்டுகள் விலைதான்.

இனி வரலாற்றின் கணக்கையும் ஒளிக்காமல் போட்டுவிடுவோம். மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக வேண்டுமானால் பி.ஏ. மூன்று ஆண்டுகள், எம்.ஏ. இரண்டு, பி.எட். இரண்டு. ஆக ஏழு ஆண்டுகள், அதன் பிறகு போட்டித் தேர்வு. கல்லூரி ஆசிரியர் பணிக்கு எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ வேண்டும். நீங்கள் பி.ஏ. இறுதியாண்டுக்கு வரும்போது தம்பி கல்லூரி வாசலில் நிற்பான். வீடு ஏழு ஆண்டுகள் பொறுக்குமா? இதை உங்களால் தனியாக முடிவு செய்ய இயலாது. அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசுங்கள். பொறுக்காது என்றால், மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே ஒரு நிறுத்தம் இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். பாடத்திட்டத்தில் வரலாற்றுக்குப் பெரிய இடம் உண்டு. பி.ஏ. முடித்துவிட்டு மூன்றாண்டு சட்டப் படிப்புக்கும் போகலாம். அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு, புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் உங்களுக்கு வரும். பஸ் செலவுக்கும் நோட்டுக்கும் அப்பாவிடம் கையேந்த வேண்டியிராது.

என் முடிவைக் கேட்டால், வரலாறு எடுங்கள் என்றே சொல்வேன். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன் பத்து நாள் ஒரு வேலை செய்யுங்கள். பிடித்ததைப் படிப்பது யாருக்கும் இனிக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த ஆதிமனிதர்களின் கற்கருவிகளின் முன் நின்றால் எவருக்கும் மெய்சிலிர்க்கும். 1863-இல் அவரும் அவருடைய தோழரும் கற்கோடரிகளைக் கண்ட அத்திரம்பாக்கம், எண்ணூரில் கடலைச் சேரும் நம் கொசஸ்தலையாற்றின் படுகையில்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்று மாணவரின் நாள் பெரும்பாலும் அப்படிப் போவதில்லை. படிக்க முடியாத கையெழுத்தை எழுத்துக் கூட்டுவது, ஒரே பெயரை நாலு விதமாக எழுதியிருப்பதை ஒத்துப் பார்ப்பது, அலுத்துப்போன பிறகும் மறுபடி சரிபார்ப்பது, இதுதான் அன்றாடம். அந்த அலுப்பு உங்களுக்குத் தாங்குகிறதா என்று பாருங்கள்.

பாட்டியின் பெட்டியைத் திறங்கள். ரசீதுகளை ஒவ்வொன்றாக எடுத்து, தேதி, ஊர், பெயர், தொகை என ஒரு நோட்டில் எழுதுங்கள். புரியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் கோடிட்டு விடுங்கள். பாட்டியிடம் கேட்டதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள், ரசீதில் இருப்பதோடு கலக்க வேண்டாம். ஐந்தாம் நாள் நோட்டை மூடிவைக்கத் தோன்றினால், இன்ஜினீயரிங் சீட்டை நிம்மதியாக ஏற்றுக்கொள்ளுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை. பத்தாம் நாளும் தொடர்ந்தால் அந்த நோட்டை அப்பாவிடம் காட்டுங்கள். பிறகு முதல் பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். பசலி ஆண்டுகளை நான் சரிபார்த்துத் தருகிறேன்.