வேட்டை ரைபிளை 300 மீட்டருக்குத் தயார் செய்தல்: கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்தில் உரிமத்தோடு ரைபிள் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். துப்பாக்கியைச் சீர்செய்வதும் சுடப் பழக்குவதும் என் தொழில். சட்டம் என் தொழில் அன்று. அனுமதி பெற்ற சுடுதளத்தில் இலக்கை நோக்கிச் சுடுபவர்களுக்காக மட்டுமே இந்தப் பதில்கள்.

தேவகோட்டை: அண்ணே, எங்கள் ஐயா வேட்டைக்கு வைத்திருந்த .315 (சுமார் 8 மி.மீ. குழல் விட்டம்) ரைபிள் இப்போது முறைப்படி என் பெயருக்கு மாறியிருக்கிறது. 300 மீட்டர் இலக்கைச் சுட ஆசை. முதலில் எந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கலாம்?

பதில்: தம்பி, ஸ்கோப்புக்கு ஒதுக்கிய பணம் பெட்டகத்திலேயே இருக்கட்டும். உங்கள் ஐயாவின் துப்பாக்கி, குளிர்ந்த பேரலிலிருந்து (குழலிலிருந்து) போகும் முதல் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. வேட்டைக்காரருக்கு இரண்டாவது தோட்டா தேவைப்பட்டால் அதுவே பெரிது. இலக்குச் சுடுதலோ இருபதாவது தோட்டாவும் முதல் தோட்டா போன இடத்துக்கே போக வேண்டும் என்று கேட்கிறது. தோளில் சுமந்து நடப்பதற்காக மெல்லியதாகக் கடையப்பட்ட பேரல் ஏழெட்டுத் தோட்டாக்களிலேயே சூடேறி விலகத் தொடங்கும்.

எனவே முதலில் 100 மீட்டரில் காகிதம் வைத்து, மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியைத் தாங்கி, ஐந்தைந்து தோட்டாக்களாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் பேரல் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே சுடுங்கள். ஒவ்வொரு ஐந்திலும் மிகத் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். 100 மீட்டரில் ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குக் கோணம்) என்பது சுமார் 2.9 செ.மீ.; 300 மீட்டரில் அது 8.7 செ.மீ. ஆகிவிடும். பன்னாட்டு விதிப்படி 300 மீட்டர் இலக்கின் பத்தாம் வளையம் 10 செ.மீ. விட்டமே உடையது. 100 மீட்டரில் 10 செ.மீ. பரவும் துப்பாக்கி 300 மீட்டரில் 30 செ.மீ. பரவும். எந்தக் கண்ணாடியும் அதைச் சுருக்காது.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். துப்பாக்கியின் மரக் கட்டையைப் பிடிக்கும் திருகுகள் தளர்ந்திருக்கலாம். பேரலின் வாய் விளிம்பு துப்புரவுக் கம்பி உரசித் தேய்ந்திருக்கலாம். உள்ளே பல ஆண்டுச் செம்புப் படிவு இருக்கலாம். நான் பார்த்த பழைய துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றிலேயே திருந்திவிட்டன. ட்ரிக்கர் அடுத்தது. இழுப்பு எடை குறைவதைவிட அது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், சொரசொரப்பின்றி விடுபடுவதே முக்கியம். அந்த வேலையை உரிமம் பெற்ற பணிமனையில் மட்டும் கொடுங்கள். கீழே வைத்தாலே வெடிக்கும் அளவுக்குத் தீட்டப்பட்ட ட்ரிக்கர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ராணுவத் தோட்டா வகைகள் பொதுமக்களுக்கு மறுக்கப்பட்டதால் இந்த நாட்டில் நிலைத்த வகை .315. அதன் கனமான, மொண்ணை மூக்குத் தோட்டா காற்றில் விரைவாக வேகம் இழக்கும். 300 மீட்டருக்கு அதைப் பழக்கலாம். 600 மீட்டர் ஆசை இருந்தால் வேறு துப்பாக்கியைப் பாருங்கள்.

காரைக்குடி: இலக்குச் சுடுதலுக்கு எந்த ஸ்கோப் நல்லது?

பதில்: பன்னாட்டு விதிப்படியான 300 மீட்டர் ரைபிள் போட்டிகளில் தொலைநோக்கிக்கே அனுமதி இல்லை, சிறு துளை வழியாகக் குறிபார்க்கும் துளைப்பார்வைதான். பயிற்சிக்கு வேண்டுமானால் பத்து மடங்கு பெருக்கமும் பாரலாக்ஸ் திருத்தமும் (கண் சற்று நகர்ந்தாலும் குறி இலக்கிலிருந்து விலகாமல் காக்கும் வசதி) போதும். ஸ்கோப்பைவிட அதைத் தாங்கும் வளையங்களுக்கும் அடித்தளத்துக்கும் அதிகம் யோசியுங்கள்.

கானாடுகாத்தான்: எங்கள் ஊர்க் கண்மாய் வறண்டு கிடக்கிறது. கரையை நோக்கி வைத்துச் சுட்டுப் பழகலாமா?

பதில்: கூடாது. கரைக்கு அப்பால் ஆடு மேய்ப்பவர் இருப்பதைக் கரை உங்களுக்குச் சொல்லாது.

பள்ளத்தூர்: பேரல் எதையும் தொடாமல் இருந்தால் துல்லியம் கூடும் என்று படித்து, என் .315-இன் முன்கட்டையை (பேரலுக்கு அடியில் இருக்கும் மரப்பகுதியை) உட்புறம் தேய்த்து எடுத்தேன். இப்போது ரூபாய் நோட்டு ஒன்று நடுவே தாராளமாகப் போய் வருகிறது. ஆனால் 100 மீட்டரில் 11 செ.மீ. பரவியது 17 செ.மீ. ஆகிவிட்டது, அதுவும் மேலும் கீழுமாக. ஏன்?

பதில்: இதைத்தான் அஞ்சினேன். உங்கள் துப்பாக்கி, பிரிட்டிஷ் ராணுவத்தின் பழைய ரைபிளான லீ என்ஃபீல்டின் அமைப்பைத் தழுவியது. ஜெர்மானிய மௌசர் வகையில் போல்ட்டின் (தோட்டாவை அடைத்துப் பூட்டும் தண்டின்) பூட்டுக்காதுகள் முன்பக்கம், தோட்டாவின் அறையை ஒட்டி இருக்கின்றன. லீ என்ஃபீல்டில் அவை பின்பக்கம் இருக்கின்றன. ஆகவே வெடிக்கும்போது உடற்பகுதி முழுவதும் சற்றே வளைந்து, மெல்லிய பேரலைச் சாட்டைபோல் மேலும் கீழும் அதிர வைக்கும். இதை அறிந்தே லீ என்ஃபீல்டின் பிந்திய வடிவமான நான்காம் எண் ரைபிளில் முன்கட்டையின் நுனி பேரலைச் சுமார் இரண்டு கிலோ விசையோடு மேல்நோக்கித் தாங்கும்படி அமைத்தார்கள். நீங்கள் அந்த வகைத் தாங்கலை எடுத்துவிட்டீர்கள்.

புதுக்கோட்டை (ஓய்வுபெற்ற ராணுவ வீரர்): ஐயா சொல்வதை ஏற்க முடியவில்லை. இன்றைய துல்லிய ரைபிள்கள் பெரும்பாலானவற்றில் பேரல் தனித்தே நிற்கிறது. மழையில் கட்டை உப்பினால் தாங்கல் விசையும் மாறுமே?

பதில்: கட்டை உப்பும் என்பது முழு உண்மை. ஆனால் நீங்கள் சொல்லும் ரைபிள்களில் பேரல் தடித்தது, பூட்டு முன்பக்கம், கட்டை ஒரே துண்டு. லீ என்ஃபீல்டின் கட்டையோ இரண்டு துண்டு. இன்னொன்றும் சொல்கிறேன்: அந்த அதிர்வே நெடுந்தூரத்தில் உதவியதும் உண்டு. மெதுவாகச் செல்லும் தோட்டா பேரலை விட்டு வெளியேறும் கணத்தில் வாய் சற்று உயர்ந்திருப்பதால், வேக வேறுபாடு ஓரளவு சரிக்கட்டப்பட்டது. 1,000 கஜப் போட்டியாளர்கள் பலர் இதற்காகவே அந்தத் துப்பாக்கியை விரும்பினார்கள்.

புதுக்கோட்டை: காகிதத்தைக் காட்டினால் நம்புகிறேன்.

பதில்: நியாயம். பள்ளத்தூர்த் தம்பி, துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்துவிட்டு, முன்கட்டை நுனியில் பேரலுக்கு அடியில் கெட்டி அட்டைத் துண்டு செருகி, திருகுகளை முன்போலவே இறுக்கிச் சுட்டுப் பார்த்து எழுதுங்கள்.

கண்டனூர்: எங்கள் அப்பச்சிக்கு 74 வயது. அவர்கள் உரிமத்தில் இருக்கும் ரைபிளை என் பெயருக்கு மாற்ற முடியுமா? தோல் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

பதில்: ஆச்சி, 2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ 25 ஆண்டுகள் ஆயுதத்தை வைத்திருந்தாலோ சட்டப்படியான வாரிசுக்கு உரிமம் கோரலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தோல் உறையிலிருந்து இன்றே துப்பாக்கியை எடுக்கச் சொல்லுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்னும். மெல்லிய எண்ணெய் தடவிப் பூட்டிய இரும்புப் பெட்டியில், காற்றுப் படும் அறையில் இருக்கட்டும்.

காரைக்குடி: சைலன்சர் பொருத்தினால்...

பதில்: அடுத்த கேள்வி.

திருப்பத்தூர்: தோட்டாவை நாமே நிரப்பிக்கொண்டால் துல்லியம் கூடாதா?

பதில்: கூடும், ஆனால் அதற்குரிய உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். ஒரே தயாரிப்புத் தொகுதி எண் உள்ள பெட்டிகளாக வாங்கிச் சுடுங்கள். தோட்டாவின் வேகம் 1 சதவீதம் குறைந்தால், அது கீழே இறங்கும் அளவு ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். சித்திரை வெயிலில் பெட்டியைத் திறந்து வைக்காதீர்கள்; சூடேறிய வெடிமருந்து அழுத்தத்தைக் கூட்டும். நம் செம்மண் பொட்டலில் காலை ஒன்பதுக்கு மேல் கானல் எழுந்து இலக்கே மிதக்கும். அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

கோட்டையூர்: எந்த ஸ்கோப் வாங்கலாம் அண்ணே?

பதில்: மேலே பாருங்கள்.

குன்றக்குடி: உரிமம் இல்லை, ஆனால் பழக ஆசை.

பதில்: 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டியதில்லை. 10 மீட்டரில் ஓராண்டு பழகியவர், பெரிய ரைபிளைக் கையில் எடுக்கும்போது மூச்சையும் விரலையும் ஏற்கெனவே கற்றிருப்பார். இதையும் கண்மாயில் வைத்துப் பழகாதீர்கள்.

பள்ளத்தூர்: அட்டை வைத்து மூன்று முறை ஐந்தைந்தாகச் சுட்டேன். 11, 9, 10 செ.மீ.

புதுக்கோட்டை: ஒப்புக்கொள்கிறேன். ஐப்பசி மழைக்குப் பிறகும் அதே அளவு வருமா?

பதில்: அட்டையோடு வராது, அது ஈரத்தில் ஊறிவிடும். தம்பி, பணிமனையில் கொடுத்து அந்த இடத்தில் எபாக்ஸி (இறுகிக் கெட்டியாகும் பசை) ஊற்றித் தாங்கல் அமைத்து, கட்டையின் உட்புறத்துக்கும் எண்ணெய் பூசச் சொல்லுங்கள். கார்த்திகையில் இதே தொகுதித் தோட்டாவோடு மீண்டும் பதினைந்து சுட்டு, காகிதங்களைப் புதுக்கோட்டைக்காரருக்கே அனுப்பி வையுங்கள்.