வாங்கிய மூன்றாம் நாளே நாய்க்குட்டிக்கு பார்வோ: கடைக்காரரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியதும், மகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த லேப்ரடார் குட்டியை தஞ்சாவூரில் ஒரு கடையில் 16,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். 10,000 ஜிபே, 6,000 ரொக்கம். ஞாயிற்றுக்கிழமை வாங்கியது, செவ்வாய் இரவு வாந்தி, புதன் காலையில் ரத்தபேதி. மன்னார்குடியில் கால்நடை மருத்துவர் மலத்தைப் பரிசோதனைக் கிட் வைத்துப் பார்த்து பார்வோ (நாய்க்குட்டிகளைத் தாக்கும் வைரஸ் நோய்) என்று சொல்லி டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார், இதுவரை 7,000 ரூபாய் செலவு. கடைக்காரர் முதலில் "தயிர்சாதம் போட்டிருப்பீங்க" என்றார், அப்புறம் "தூக்கிட்டு வாங்க, வேற குட்டி தர்றேன்" என்கிறார். பில் தரவில்லை, தடுப்பூசி அட்டை மட்டும்தான் தந்தார். அந்த அட்டையின் பின்பக்கம் "விற்ற உயிரினங்கள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று ரப்பர் ஸ்டாம்பு அடித்திருக்கிறது. "அப்பா குட்டியைக் கொண்டு போய் கடையிலேயே விட்டுட்டு வான்னு சொல்றார். விடலாமா மேடம்? போலீசுக்குப் போகலாமா? 16,000 ரூபாய்க்கு நுகர்வோர் கோர்ட்டுக்கு அலையறது தேவையா?"

தம்பி, அப்பா கோபத்தில் சொல்கிறார், அது நியாயமான கோபம்தான், ஆனால் குட்டியைக் கடையில் விட்டுவிடாதீர்கள். உங்கள் வழக்குக்கு இருக்கிற ஒரே பெரிய சாட்சி அந்தக் குட்டியின் உடம்புதான். நீங்கள் அதைக் கடையில் விட்டுவிட்டு வந்த மறுநாள் "நல்லாத்தான் இருந்துச்சு, இவங்களுக்கு வளர்க்கத் தெரியலை" என்று அவர் சொன்னால் உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. அதைவிட முக்கியம், டிரிப்ஸில் இருக்கிற குட்டியைப் பாதியில் எடுத்தால் பிழைக்கிற வாய்ப்பும் போய்விடும். வைத்தியம் மன்னார்குடியிலேயே நடக்கட்டும். ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துக்கும் பில் வாங்குங்கள், மருந்துக் கடையில் "எதுக்கு சார் பில்" என்று கேட்டாலும் வாங்குங்கள்.

உங்கள் கேஸ் நல்ல கேஸ். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு இடத்தில்தான் இந்த மாதிரி வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும்.

பார்வோ வைரஸ் உடம்புக்குள் போன அன்றே வாந்தி வராது. பொதுவாக 3 முதல் 7 நாள், சில சமயம் 14 நாள் வரை உள்ளே இருந்துவிட்டுத்தான் வெளியே காட்டும். ஞாயிறு மதியம் வாங்கிய குட்டிக்கு செவ்வாய் இரவு வாந்தி என்றால் நடுவில் இரண்டரை நாள்கூட இல்லை. அப்படியானால் உங்கள் வீட்டுக்கு வந்து தொற்றியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு, கடையிலோ அதற்கு முன்னாலோ தொற்றியதுதான். கடைக்காரர் தரப்பு வக்கீல் தயிர்சாதம் என்பார், தெருநாய் என்பார், பஸ்ஸில் கொண்டு போன அலைச்சல் என்பார். எல்லாவற்றுக்கும் பதில் இந்த நாள்கணக்குதான். தயிர்சாதம் வயிற்றைக் கலக்கலாம், பார்வோ கிட்டில் கோடு போடாது. இதே வாந்தி பத்தாம் நாள் ஆரம்பித்திருந்தால் நான் இவ்வளவு தைரியமாக எழுதமாட்டேன்.

ஆகவே நாளைக்கே மருத்துவரிடம் போய் மருந்துச் சீட்டு போதாது, ஒரு சான்றிதழ் வேண்டும் என்று கேளுங்கள். அவருடைய லெட்டர்பேடில், கையெழுத்து, கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இரண்டோடும் இருக்கட்டும். "இன்ன தேதி, இத்தனை மணிக்கு இந்தக் குட்டியைப் பரிசோதித்தேன். செவ்வாய் இரவு முதல் வாந்தி என்று உரிமையாளர் சொன்னார். மலத்தில் பார்வோ கிட் பரிசோதனை பாசிட்டிவ். இந்த நோய் அறிகுறி காட்டுவதற்குச் சாதாரணமாக இத்தனை நாள் ஆகும், எனவே விற்பனைக்கு முன்பே தொற்றியிருக்கக்கூடும் என்பது என் கருத்து." இந்தக் கடைசி வரியைத்தான் பல மருத்துவர்கள் எழுதத் தயங்குவார்கள், கோர்ட்டுக்கு இழுத்துவிடுவார்களோ என்று. பக்குவமாகக் கேளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் (நுகர்வோர் கோர்ட் என்று நாம் சொல்வதுதான்) பெரும்பாலும் எழுத்துமூல வாக்குமூலமே போதும், கூண்டில் ஏறும் நிலை அபூர்வம் என்று சொல்லுங்கள். அந்தக் கிட் பட்டையையும் குட்டியையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் அவரிடமே கேளுங்கள்: குட்டியின் வயது. கடைக்காரர் 60 நாள் என்று சொல்லியிருக்கிறார். பால்பற்கள் எந்த அளவுக்கு முளைத்திருக்கின்றன என்று பார்த்து மருத்துவரால் ஓரளவு சொல்ல முடியும். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள்படி 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது. 40 நாள் குட்டியை 60 நாள் என்று விற்பது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது, பார்க்கக் குட்டியாக இருந்தால்தானே கையில் எடுத்ததும் மனசு இளகும்.

தடுப்பூசி அட்டையின் போட்டோவை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். ஊசி போட்டால் மருந்துக் குப்பியில் இருக்கிற சின்ன லேபிளைப் பிய்த்து அட்டையில் ஒட்டுவார்கள், அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும், பக்கத்தில் மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும். உங்கள் அட்டையில் அந்தக் கட்டம் காலி. நீல பேனாவில் ஒரு டிக், ஒரு தேதி, அவ்வளவுதான். "யார் போட்டது, எந்த டாக்டர்?" என்று கேட்டால் கடைக்காரருக்குப் பதில் இருக்காது. இந்த அட்டை அவர் கொடுத்தது, ஆனால் இப்போது உங்கள் ஆவணம். லேமினேட் செய்யவேண்டாம், அப்படியே பத்திரமாக வையுங்கள், மருத்துவரிடம் கொடுத்து அதில் எதையும் எழுதச் சொல்லவும் வேண்டாம்.

பில் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். ஜிபே பதிவு இருக்கிறது. ரொக்கம் கொடுத்த 6,000 ரூபாய்தான் சிக்கல், அதற்கு ஒரு வழி உண்டு. சண்டை முற்றுவதற்குள் இன்றைக்கே வாட்ஸப்பில் ஒரு மெசேஜ் போடுங்கள்: "அண்ணே, போன ஞாயிற்றுக்கிழமை உங்க கடையில 16,000 ரூபாய்க்கு (ஜிபே 10,000, ரொக்கம் 6,000) வாங்கின லேப் குட்டிக்கு பில் அனுப்புங்க. குட்டிக்கு பார்வோன்னு டாக்டர் சொல்லிட்டார், ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன்." அதில் திட்டு, சாபம் எதுவும் வேண்டாம். அவர் என்ன பதில் போட்டாலும் உங்களுக்கு லாபம். "வேற குட்டி தர்றேன்" என்று எழுதினால் விற்றதை ஒப்புக்கொண்டார். ஒன்றும் எழுதாமல் நீல டிக் மட்டும் விழுந்தால் தொகையை மறுக்கவில்லை என்று நாம் வாதிடலாம். அந்த போனை மாற்றாதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். மின்னணு ஆதாரம் என்று தாக்கல் செய்யும்போது 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்கிற, மின்னணுப் பதிவுக்கான சான்றும் சேர்த்துப் போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

பின்பக்க ஸ்டாம்பு விஷயம். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47): விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பது முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதேதான், பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள் அதைச் செய்தாக வேண்டும். ரப்பர் ஸ்டாம்பு சட்டத்தைவிடப் பெரியது இல்லை. குட்டி எப்படிப் பொருளாகும் என்று உங்கள் மகள் கேட்பாள், ஆனால் சட்டத்தின் கண்ணில் அசையும் சொத்து எல்லாமே பொருள்தான், ஆடு மாடு உட்பட. இந்த ஒரு தடவை அது நமக்கு உதவுகிறது.

எங்கே வழக்கு போடுவது? கடை தஞ்சாவூரில் இருக்கிறது என்பதற்காகத் தஞ்சாவூருக்கு அலைய வேண்டாம். பழைய சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கிற ஊரிலோ பிரச்சினை நடந்த ஊரிலோதான் போடமுடியும், இப்போது 34ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே போடலாம். உங்களுக்குத் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை, நீங்களே வாதாடலாம். (இதை நான் சொல்வது என் தொழிலுக்கு நல்லதல்ல, ஆனாலும் 16,000 ரூபாய் வழக்குக்கு 15,000 ரூபாய் பீஸ் கொடுப்பதில் அர்த்தமில்லை.) ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். கடைக்காரர் பதில் போட 30 நாள், ஆணையம் மனம் வைத்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட இழுக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வழக்குப் போட இரண்டு வருடம் கெடு இருக்கிறது, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு நோட்டீஸ். வக்கீல் நோட்டீஸாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை, நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான சான்றை எடுத்து வையுங்கள். கடைப் பெயர், ஜிபேயில் வருகிற பெயர் இரண்டையும் முகவரியில் போடுங்கள், நாளைக்கு "நான் வெறும் ஏஜென்ட், குட்டி வேற ஆளோடது" என்று நழுவப் பார்ப்பார்கள். என்ன கேட்பது? குட்டி விலை 16,000, வைத்தியச் செலவு பில் பில்லாக, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. கொடுக்க 15 நாள் அவகாசம். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று எழுதிவிடாதீர்கள், அப்படி எழுதினால் உண்மையான 23,000 ரூபாயின் மேலேயும் சந்தேகம் விழும். நான் எழுதினால் பத்து, பதினைந்தாயிரத்தோடு நிறுத்துவேன்.

நோட்டீஸில் எழுதக்கூடாத ஒரு வரி உண்டு. 2018 செல்லப்பிராணிக் கடை விதிகள்படி ஒவ்வொரு கடையும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கடையில் பதிவுச் சான்று மாட்டியிருந்ததாக உங்களுக்கு நினைவில்லை என்கிறீர்கள். சரி, வாரியத்துக்கும், மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை இணை இயக்குநருக்கும் தாராளமாகப் புகார் அனுப்புங்கள். ஆனால் "பணம் தராவிட்டால் புகார் கொடுப்பேன்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் மிரட்டிப் பணம் பறிக்கிறார் என்று அவர் உங்கள் மேலேயே திருப்புவார். பணம் ஒரு பாதை, புகார் தனிப் பாதை. அதேபோல கூகுளில் விமர்சனம் எழுதினால் தேதி, நோய், பரிசோதனை முடிவு இதோடு நிறுத்துங்கள். "கொலைகாரன்", "திருடன்" என்றால் அவதூறு என்று அவர் கிளம்புவார்.

போலீஸ்? போகலாம், புகாரைப் பெற்றதற்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்துவிட்டு "இது சிவில் மேட்டர், கோர்ட்டுல பாத்துக்குங்க" என்பார்கள். வயதை மாற்றிச் சொன்னதற்கும் போலித் தடுப்பூசி அட்டைக்கும் மோசடி என்று வாதிட இடம் இருக்கிறது, ஆனால் விற்கும்போதே அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்ததை நிரூபிக்கவேண்டும். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராதம் இன்றைக்கும் முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய்தான், டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. உங்கள் நேரத்தை அங்கே செலவழிக்க வேண்டாம்.

சொல்ல மனசில்லை, ஆனால் சொல்லியாகவேண்டும். குட்டி தவறிவிட்டால் உடனே தோட்டத்தில் புதைத்துவிடாதீர்கள். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்கு அதிக தூரமில்லை. முதலில் போனில் கேட்டுக்கொண்டு, உடம்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ் வைத்து எடுத்துப்போய்ப் பிரேதப் பரிசோதனை செய்து தரும்படி எழுதிக் கொடுங்கள். ஃப்ரீசரில் உறையவைக்க வேண்டாம், திசுக்கள் கெட்டுப்போகும். அந்த அறிக்கையை அவ்வளவு சுலபமாக யாரும் மறுக்க முடியாது.

கடைசியாக, "வேற குட்டி தர்றேன்" என்கிறாரே, அதை வாங்கிக்கொண்டு சமாதானமாகப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். பணமாகத் தந்தால் சமாதானம் நல்லதுதான், ஆனால் கொடுக்கிற பணம் வைத்தியச் செலவையும் சேர்த்ததாக இருக்கவேண்டும். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் பணம் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். இன்னொரு குட்டி மட்டும் வேண்டாம். அதே கடை, அதே கூண்டு, அதே நோய். தவிர இந்த வைரஸ் உங்கள் திண்ணையிலும் கொல்லையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்கு அசையாது, தண்ணீரில் கலந்த பிளீச்சிங் கரைசல்தான் தரையில் வேலை செய்யும், மண்தரையில் அதுவும் சந்தேகம். தடுப்பூசி முழுக்கப் போட்டு முடிக்காத எந்தக் குட்டியையும் இப்போதைக்கு அந்த வாசலுக்குள் கொண்டுவராதீர்கள், எப்போது கொண்டுவரலாம் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கு இந்த நாய் பார்வோ ஒட்டாது, பயப்படவேண்டாம். நோட்டீஸ் வரைவை எழுதி எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.