கூரையிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள அண்ணா,

நான் கட்டடக்கலை இறுதி வருட மாணவி. ஊர் பொகவந்தலாவை. கண்டி பழைய நகருக்குள், தலதா மாளிகைக்குக் கிட்டடியில், மலையகத் தமிழருக்கான அருங்காட்சியகம் ஒன்றை இறுதித் திட்டமாக வரைகிறேன். கண்டியக் கூரை போடாமல் அங்கே எதுவும் எடுபடாது என்கிறார் விரிவுரையாளர். கண்ணாடியும் கொங்கிரீட்டுமாக இந்தக் காலத்துக்கு ஏற்றபடி கட்டு என்கிறார்கள் நண்பர்கள். அப்பாவோ, "நம்ம கதைய சொல்ற கட்டடம்னா தகரம் போடும்மா" என்கிறார். எது சரி?

அன்புத் தங்கைக்கு,

அப்பாவின் பதில்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் மழை நாளில் தகரத்துக்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அவருக்குத் தெரியாததா!

1988 இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது கண்டி நகரத்தை. மாளிகை, வாவி, தேவாலயம் எனப்படும் தெய்வக் கோயில்கள், அரண்மனைக் கட்டடங்கள், இவற்றுக்கு நடுவே விடப்பட்ட வெளி எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பெறுமதி. அதற்குள் புதிதாக ஒன்றை வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது எங்கிருந்தெல்லாம் தெரியும் என்பதை. கண்டி மேலிருந்து பார்க்கப்படும் ஊர். ஆர்தர்ஸ் சீட்டில் நின்றாலும் பஹிரவகந்தையில் நின்றாலும் கண்ணில் படுவது வாவியும் கூரைகளும்தான். ஆக உங்கள் கட்டடத்தின் முகப்பு கூரைதான்.

அந்தக் கூரையில் எதை வைக்கப் போகிறீர்கள்? செக்ரோல் எனும் தோட்டப் பேர்ப்பதிவுப் புத்தகங்களும் பழைய துண்டுச் சீட்டுகளும் கண்டி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் இயந்திரங்கள் வேண்டும். வழக்கமாக அவற்றை மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள், மலையிலிருந்து பார்ப்பவனுக்கு அதுதான் தெரியும். சரி, நிலத்துக்கு அடியில் என்றால், அது பள்ளத்தாக்கின் அடி. 1807 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வாவி கட்டத் தொடங்கியது வயல்வெளியில். தோண்டினால் தண்ணீரோடு மல்லுக்கட்ட வேண்டும், ஆவணங்களை அங்கே வைக்கவே கூடாது. கண்டிப் பாணியா, கண்ணாடியா என்ற சண்டைக்கு முன்னால் இதைத் தீர்த்துவிடுங்கள்.

ஒஸ்திரியாவில் கிராட்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அதன் பழைய நகரமும் 1999 இல் உலக மரபுரிமையானது. நடுவில் கோட்டைக் குன்று, கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள். 2003 இல் அங்கே ஆற்றங்கரையில் நீல நிறத்தில் ஊதிப்போன பலூன் மாதிரி ஒரு கலைக்கூடம் கட்டினார்கள். கூரை எது, சுவர் எது என்று பிரிக்க முடியாது. படங்களில்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் குன்றிலிருந்து பார்ப்பவரை நினைத்துக் கட்டிய கட்டடம் என்பதை மறுக்க மாட்டேன்.

கண்டியக் கூரைக்கு இரண்டு சரிவு. மேல் பகுதி செங்குத்து, மழை நிற்காமல் ஓடும். கீழ்ப் பகுதி படிந்து வெளியே நீண்டு சுவரைக் காக்கும். அது மழைக்குச் செய்த கணக்கு. நாலு மாடி கொங்கிரீட்டின் தலையில் அதையே சின்னதாக ஒட்டினால் கல்யாண வீட்டுத் தொப்பி மாதிரி இருக்கும், இப்படி எத்தனையோ பார்த்தாயிற்று. 1918 இல் கண்டியிலேயே பிறந்த கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா, எண்பதுகளில் வாவிக்கரையில் கண்டிக் கலை நிலையத்தை அமைத்தபோது அதை ஒரே பெரிய உருவாக எழுப்பவில்லை. ஓட்டுக் கூரைகளாகவும் முற்றங்களாகவும் பிரித்துப் போட்டார். விரிவுரையாளரோடு வாதாடப் போகும் முன் அங்கே அரை நாள் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. வெயில் படக் கூடாது என்பதால் காட்சிக்கூடங்களுக்கு ஜன்னல் குறைவு. அதனால் தெருவுக்கு மொட்டைச் சுவர் வந்து சேரும். பக்கத்திலேயே மகுல் மடுவ நாலா பக்கமும் திறந்து மரத்தூண்களில் நிற்கிறது, கண்டி ராச்சியத்தை ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுத்த 1815 ஒப்பந்தம் நடந்த மண்டபம். காட்சிக்கூடங்களை உள்ளே தள்ளி, தெருப் பக்கம் ஒரு நீளமான இஸ்தோப்பு, அதாவது திறந்த தாழ்வாரம், விடுங்களேன். மழைக்கு யாரும் ஒதுங்கலாம்.

கண்டியை ஆண்ட தென்னிந்திய வம்சத்து நாயக்க மன்னர்களைக் காட்டி நமக்கு அங்கே இடம் கேட்க வேண்டாம். அவர்கள் கதை வேறு. நாம் வந்தது கோப்பித் தோட்ட வேலைக்கு, மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நடந்து. அந்த நடை போதும்.

கடைசியாக லயம், தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடு. அதன் மாதிரியைக் கண்டியில் கட்டாதீர்கள். கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயத்திலேயே 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, உண்மையானதை அங்கே போய்ப் பார்க்கட்டும். நீங்கள் முற்றத்துக் கல் தளத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளந்து வேறு நிறக் கல் பதியுங்கள், லயத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த ஒரு காம்பராவின், அதாவது ஓர் அறையின், அளவு. சுவரும் வேண்டாம், பலகையும் வேண்டாம். ஒரு குடும்பம் உள்ளே போய் நின்று பார்க்கட்டும்.

வெட்டுமுகப் படத்தைப் பக்கத்து வீடுகளின் கூரையையும் சேர்த்து வரைந்து அனுப்புங்கள். அப்பாவிடமும் காட்டுங்கள், தகரத்தைப் பற்றி அப்புறம் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.