லத்தீனோ மாணவர்களுக்கான கல்லூரி உதவிகள் வீடு வரை எட்டுகின்றனவா?

அமெரிக்காவில் லத்தீனோ அல்லது ஹிஸ்பானியர் எனப்படும் லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பத்துப் பிள்ளைகள் கல்லூரியில் சேர என்னென்ன உதவிகள் உள்ளன, பெற்றோர் கல்லூரி வாசலையே மிதித்திராத வீடுகளுக்கு அவை எட்டுகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் வசிக்கும் நான், உயர்நிலைப் பள்ளி ஒன்று நடத்தும் நிதியுதவிப் படிவ முகாம்களில் தன்னார்வலராக உதவி வருகிறேன். உதவிகள் நிச்சயம் இருக்கின்றன. அவற்றைப் பெற்றுத்தரும் படிவத்தின் முன்னால் குடும்பத்தோடு பொறுமையாக உட்காரும் ஆட்கள்தான் போதவில்லை என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றுக்கும் முதற்படி ஃபாஃப்சா எனப்படும் மத்திய அரசின் நிதியுதவிப் படிவம். 2025-26 கல்வியாண்டில் பெல் மானியம் என்னும் மத்திய அரசு உதவித்தொகையின் அதிகபட்ச அளவு 7,395 டாலர். இதைத் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை, கட்டணம் குறைந்த ஈராண்டுக் கல்லூரிகளான சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் முழுவதற்கும் இதுவே போதும். பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராக இருந்தால், பெற்றோரின் குடியேற்ற நிலை எதுவாயினும் அவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். முகாமுக்கு வருபவர்களிலேயே பலர் இதை அறிந்திருப்பதில்லை.

சிக்கல் தொடங்குவது, இந்தப் படிவத்துக்காகப் பெற்றோர் இணையத்தில் தமக்கெனத் தனிக் கணக்கு திறக்க வேண்டிய இடத்தில்தான். குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களிடம் பொதுவாக இல்லாத அரசு அடையாள எண்ணான சமூகப் பாதுகாப்பு எண் கேட்கப்படும் வரியை எட்டியதும், அதுவரை தட்டச்சு செய்துகொண்டிருந்த தாய் கையை எடுத்துவிட்டு மகளின் முகத்தைப் பார்ப்பார். அந்த எண் இல்லை என்று குறியிட ஒரு கட்டம் அங்கேயே இருக்கிறது. படிவம் ஸ்பானிய மொழியிலும் கிடைக்கிறது. ஆனாலும் தம் விவரம் எங்கே போய்ச் சேருமோ என்ற அச்சத்தை வெறும் ஆறுதல் வார்த்தைகளால் போக்க முயல்வது நியாயமன்று. குடியேற்றச் சட்டம் அறிந்த இலவச ஆலோசகரிடம் பேசிவிட்டு முடிவெடுக்கச் சொல்வதே முறை.

அடுத்து, கல்லூரி அனுப்பும் நிதியுதவிக் கடிதம். மானியம், கடன், வளாகத்தில் வேலை செய்து ஈட்ட வேண்டிய ஊதியம் ஆகிய மூன்றையும் ஒரே பட்டியலில் கூட்டி, பெரிய தொகையொன்றை அடியில் காட்டும் கடிதங்கள் உண்டு. அதில் எது கடன் என்பதைப் பெற்றோருக்கு விளக்கும் பொறுப்பு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது.

இத்தகைய துணையைத் தருவதற்கென்றே சில திட்டங்கள் உள்ளன. 1960களில் தொடங்கிய அப்வர்ட் பவுண்ட், வருமானம் குறைந்த, குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் பள்ளி மாணவர்களுக்கானது. இன அடிப்படையில் அமைந்ததன்று. இடம்பெயர்ந்து வயல்வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளைக் கல்லூரியின் முதலாண்டில் தாங்குவதற்கு கேம்ப் திட்டம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது, 1981இல் கலிபோர்னியாவின் சாபோ கல்லூரியில் தோன்றிய புவென்டே; எழுத்துப் பயிற்சி வகுப்பு, ஆலோசகர், சமூகத்திலிருந்து வரும் வழிகாட்டி ஆகிய மூன்றையும் ஒரே மாணவர் குழுவைச் சுற்றி அமைத்ததுதான் அதன் பலம்.

இளநிலை மாணவர்களில் குறைந்தது 25 விழுக்காட்டினர் ஹிஸ்பானியராக உள்ள கல்லூரிகளை ஹிஸ்பானியர்க்குச் சேவை செய்யும் நிறுவனங்கள் என்று சட்டம் வகைப்படுத்துகிறது. அது சேர்க்கையின் கணக்கு மட்டுமே. எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள் என்பதையும் குடும்பங்கள் அவசியம் கேட்க வேண்டும்.

சட்டப்படியான குடியேற்ற ஆவணம் இல்லாத, அதாவது ஆவணமற்ற மாணவர்களின் நிலைதான் மனத்தை வருத்துகிறது. அவர்களுக்கு மத்திய அரசின் நிதியுதவி கிடையாது. மாநிலவாசிகளுக்கான குறைந்த கல்விக் கட்டணமாகிய உள்மாநிலக் கட்டணத்தை 2001இல் அவர்களுக்கு முதலில் வழங்கிய மாநிலம் டெக்சாஸ். 2025 ஜூனில் நீதிமன்ற ஆணை அச்சட்டத்தை முடக்கியது. கலிபோர்னியாவில் அச்சலுகையும் மாநில நிதியுதவியும் தொடர்கின்றன. சிறுவயதில் அழைத்துவரப்பட்ட ஆவணமற்றோருக்கு நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு தரும் டாகா அனுமதி பெற்றவர்கள், 1975இல் தொடங்கப்பட்ட ஹிஸ்பானிக் ஸ்காலர்ஷிப் ஃபண்ட் என்னும் உதவித்தொகை அமைப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதுவும் இல்லாதவர்கள், ஆவணமற்றோருக்கும் உதவித்தொகை வழங்கும் தனியார் அறக்கட்டளைகளைப் பள்ளி ஆலோசகரின் துணையோடு பன்னிரண்டாம் வகுப்பின் தொடக்கத்திலேயே தேடத் தொடங்குவது நல்லது.